பவுனம்மாளும் திறக்காத சிவப்பணுக்களும்

1986ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிள்ளான் பஸ் நிலையத்தில் பவுனம்மாள் உட்கார்ந்திருந்தாள். கோலாலம்பூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடி அவளைப் பார்த்தான். பல வருடமாகப் பார்த்த முகம். அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது, அதையும் விட்டாள். அடுத்ததில் ஏறிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கைகள். மூன்றாவது பஸ் வந்தபோது கைகள் அப்படியே கிடந்தன. அதுவும் போன பிறகு எழுந்து, மெல்ல வீட்டுக்கு நடந்து வந்து, செருப்பைக்கூட ஓரமாக விடாமல், பாயை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

காய்ச்சல் இல்லை, வீட்டில் சண்டையும் இல்லை. ஏன் ஏறவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தபோதும் அவளுக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை.

அப்போது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. ஜெஞ்சாரோம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தாள். தோட்ட ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனவள், மலேரியாக் காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, நுண்ணோக்கியில் தெரியும்படி சாயம் போடுவதை அங்கேயே கற்றுக்கொண்டாள். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தாள். கணவன் தம்புசாமி துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. 1970இல் கோலாலம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை கிடைத்தது. ஒரு நாள் அங்கே சாயம் போடுகிற ஆள் வரவில்லை. "நான் போடவா டாக்டர்?" என்று கேட்டாள். அன்று அவள் போட்டுக் கொடுத்த கண்ணாடித் துண்டைப் பார்த்த பிறகு யாரும் அவளைக் கழுவுகிற தொட்டிப் பக்கம் அனுப்பவில்லை.

அந்த டாக்டரின் பெயர் சண்முகரத்தினம். அப்போது நாற்பதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்தார், பிரிக்பீல்ட்ஸில் வீடு. வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. மலேரியாக் கிருமியைப் படித்துக்கொண்டிருந்தவர். 1979இல் அவர் பவுனம்மாளைக் கூப்பிட்டு, இனிமேல் கிருமியை நாமே வளர்க்கப் போகிறோம் என்றார். அதைக் கொல்லத்தான் எல்லாரும் பாடுபடுகிறார்கள், இவர் ஏன் வளர்க்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டாள்.

டாக்டர் ஒரு காகிதத்தில் பெரிய வட்டம் போட்டார். அதன் பக்கத்தில் பேரிக்காய் மாதிரி சின்னதாக ஒன்று வரைந்தார்.

"இந்தப் பெரிசு சிவப்பணு. இந்தச் சின்னன் கிருமி, ஒரே ஒரு அணுதான் முழு உடம்பும். வெள்ளையணு எண்டால் கிருமியைப் பிடிச்சு விழுங்கும். சிவப்பணு ஒண்டையும் விழுங்காது, சும்மா மிதந்து கொண்டு போகும். அப்ப இது எப்பிடி உள்ளுக்குப் போகுது?"

"ஓட்ட போட்டுக்கிட்டு போவுமா டாக்டர்?"

"ஓட்டை போட்டால் சிவப்பணு உடைஞ்சு போயிடும்லா. பிறகு எங்க குடியிருக்கிறது?"

பேரிக்காயின் கூர்மையான முனையில் பென்சிலால் சின்னச் சின்னப் பைகள் வரைந்தார். கிருமி உருண்டு புரண்டு இந்த முனையைச் சிவப்பணுவின் மேல் பொருத்தும். பொருத்தியதும் இந்தப் பைகள் திறந்து உள்ளே இருக்கும் புரதங்களைக் கக்கும். ஒரு புரதம் சிவப்பணுவின் தோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வேறு சில அந்தத் தோலிலேயே ஒரு வளையம் போட்ட மாதிரி இடம் செய்யும். கிருமி அந்த வளையத்தின் வழியே தன்னைத் தானே இழுத்துக்கொண்டு உள்ளே போகும். தோல் கிழியாது, மடிந்து உள்வாங்கும். கிருமி போன பிறகு பின்னால் மூடிக்கொள்ளும். எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

"எந்தப் புரதம் என்ன செய்யுது எண்டு இன்னும் ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. அது தெரிஞ்சால் அதைத் தடுக்கிற வழியைப் பார்க்கலாம். கிருமி வெளியிலேயே நிண்டால் செத்துப்போகும். அதுக்குத்தான் வளர்க்கிறம்."

அன்று முதல் வளர்ப்பு அவள் பொறுப்பு. வட்டமான சின்னக் கண்ணாடித் தட்டுகளில் மனித இரத்தத்தின் சிவப்பணுக்கள், அதன் மேல் இளஞ்சிவப்புத் திரவம், அதற்குள் கிருமிகள். தினமும் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். தட்டுகளைப் பெரிய கண்ணாடி ஜாடிக்குள் அடுக்கி, நடுவில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, ஜாடியை மூட வேண்டும். காற்றில் உள்ள பிராணவாயுவைக் குறைத்துவிட்டு மெழுகுவத்தி தானாக அணையும். கிருமிக்கு அந்தக் காற்றுத்தான் பிடிக்கும். பிறகு ஜாடியை உடம்புச் சூடு உள்ள பெட்டிக்குள் வைக்க வேண்டும். சிவப்பணுவுக்குள் போன கிருமி இரண்டு நாளில் பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு, பத்துப் பதினைந்தாக வெளியே வரும். வந்தவை உடனே புது அணுவுக்குள் புக வேண்டும். அதனால் புது இரத்தமும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கிருமிக்குத் தீபாவளி தெரியாது, ஹரி ராயாப் பெருநாள் தெரியாது, ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது. ஏழு வருடம் பவுனம்மாள் போனாள். கிள்ளானிலிருந்து ஒரு பஸ், கோலாலம்பூரில் இறங்கி இளஞ்சிவப்பு நிறத்து பஸ் மினி, அதற்கப்புறம் மேட்டில் ஏற்றம். திங்கள் முதல் சனி வரை முழு நாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேர வேலைக்காக மூன்று மணி நேரப் பயணம்.

1983இல் தம்புசாமிக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. காலையில் அவனை எழுப்பி, கழுவி, கஞ்சி ஊட்டி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். மகள் புஷ்பவல்லி சுங்கைவே எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் ஷிப்டு வேலை. அவள் வீட்டில் இருக்கிற நேரம் தாய் இருக்கமாட்டாள், தாய் இருக்கிற நேரம் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. குறை சொல்ல உட்கார்ந்து பேச வேண்டுமே.

பஸ்ஸில் ஏறாத அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை, பவுனம்மாள் வழக்கத்துக்கு முந்தியே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்விட்டாள். ஜாடியைத் திறந்தாள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய திரவம் மஞ்சளடித்துப் போயிருந்தது. கொஞ்சம் எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்தாள். அணுக்களுக்குள் கிருமிகள் சுருங்கிக் கறுத்துக் கிடந்தன. அவசரமாகத் திரவத்தை மாற்றினாள். பிறகு பதிவேட்டை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே, காலை பத்தேகால், திரவம் மாற்றப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அத்தனை வருடத்தில் அந்தப் பதிவேட்டில் அவள் எழுதிய முதல் பொய் அது.

அன்றைக்கே இன்னொரு வேலையும் இருந்தது. முந்திய வருடம் குளிர்கலத்தில் நைட்ரஜன் வற்றிப்போய், வித்துக்காக உறையவைத்திருந்த கிருமி எல்லாம் கெட்டுப்போயிருந்தது. புதிதாக உறையவைக்க வேண்டும் என்று டாக்டர் அந்தத் திங்கட்கிழமையைக் குறித்திருந்தார். வளர்ப்பு வாடிப்போயிருக்கிறது, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஏன் வாடியது என்று கேட்பாரே. சொல்லாமல் உறையவைத்தாள்.

அந்த வாரமே இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரை வளர்ப்புக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தவள் அலுவலகத்தில் கணக்கெழுதுகிற கிராணி இராஜம்மா. ஓ பிரிவு இரத்தம். அவளுக்கு ஈப்போவுக்கு மாற்றல் வந்துவிட்டது. அதே பிரிவு யாருக்கு என்று தேடியதில் வேன் டிரைவர் இஸ்மாயில் அகப்பட்டான். கோலா பிலாக்காரன், எப்போதும் சிரிக்கிற ஆள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து உட்கார்ந்து கொடுப்பான்.

அதற்குப் பிறகு வளர்ப்பு தேறவே இல்லை. தட்டில் இருக்கிற கிருமி பெருகும். அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். வந்தது புது அணுவுக்குள் போகாது. நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்களின் ஓரத்தில் கசகசா ஒட்டிய மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் அதுவும் இருக்காது. உறையவைத்ததை எடுத்துப் புதிதாகத் தொடங்கினார்கள். ஒரு சுற்று வரும், அதோடு சரி. மறுபடி எடுத்தார்கள். மறுபடி அதே கதை.

டாக்டருக்கு அது மிக மோசமான நேரம். கிருமிகள் வெடித்து வெளியே வருகிற வேளையில் கக்கிய புரதங்கள் திரவத்தில் கலந்திருக்கும். அந்தத் திரவத்தில் புதுச் சிவப்பணுக்களைப் போட்டு, எந்தப் புரதம் அணுவில் ஒட்டுகிறது என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். ஒட்டியதைப் பிரித்தெடுத்து எக்ஸ்ரே பிலிமில் பதித்தால் கறுப்புக் கோடாக விழும். வருடத் தொடக்கத்தில் அப்படி ஒரு கோடு தெளிவாக விழுந்திருந்தது. திரும்பத் திரும்ப விழுந்தால்தான் நிச்சயம். ஜூலைக்குப் பிறகு எடுத்த பிலிமில் எல்லாம் அது மங்கி மங்கி வந்தது, சிலதில் வரவே இல்லை.

தண்ணீரை மாற்றினார். வடிகட்டியை மாற்றினார். சூட்டுப் பெட்டிக்கு வேறு தெர்மாமீட்டர் வைத்தார். ஒவ்வொன்றையும் மாற்றச் சொல்லும்போது பவுனம்மாள் "சரி டாக்டர்" என்றாள். முந்நூறு கண்ணாடிக் குழாய்களை அமிலத்தில் ஊறவைத்து மறுபடி கழுவச் சொன்னார். கழுவினவர் பக்கிரிசாமி. பென்ஷனுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர். பவுனம்மாளும் பக்கத்தில் நின்று கழுவினாள். இதெல்லாம் வீண் என்று அவளுக்குத் தெரியும். குற்றம் தண்ணீரிலும் இல்லை, கண்ணாடியிலும் இல்லை. வாடிப்போன கிருமியை உறையவைத்தது யார்? அந்த வித்தே கெட்டுவிட்டது என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். உள்ளே புக அந்தப் பைகளில் தெம்பில்லாத கிருமி. அதைத்தான் திரும்பத் திரும்ப வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

செப்டம்பர் கடைசியில் டாக்டர் சொன்னார்:

"சோப்புத்தான் பவுனம்மா. வேற ஒண்டும் மிச்சமில்லை. கண்ணாடியில சோப்பு நிக்குது. பக்கிரிசாமியை மிருகக் கூட்டுப் பக்கம் மாத்தச் சொல்லி எழுதப் போறன். வயசு போன மனுசன், கண்ணும் தெரியேல்லை."

மிருகக் கூடு என்றால் எலிகளும் முயல்களும் இருக்கிற கட்டடம். நாற்றமும் கனமான கூண்டுகளும். பக்கிரிசாமிக்கு அப்போது முதுகு வளைந்து போயிருந்தது. இந்தச் செய்தியைக் கேட்ட அவர், தொட்டியருகே நின்று, "நான் நல்லாத்தாம்மா கழுவினேன், நீ பாத்தியே," என்று மட்டும் சொன்னார். பவுனம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள்.

"டாக்டர், பக்கிரி அண்ணன் மேல தப்பு இல்ல."

"பிறகு?"

"ஜூலை மாசம் ஒரு ஞாயித்துக்கெழம நான் வரல. வந்ததா எழுதிட்டேன். மறுநாளு அந்தக் கிருமியத்தான் பிரீஸ் பண்ணேன். அது அப்பவே வாடிப்போயிதான் இருந்துச்சு."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் வரேல்லை? வீட்டுக்காரருக்குச் சுகமில்லையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் நம்பியிருப்பார்.

"இல்ல டாக்டர். அவரு நல்லாத்தான் இருந்தாரு. பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். பஸ் வந்துச்சு. ஏறல. அவ்வளவுதான்."

"ஏறேல்லையா?"

"ஏற முடியல."

அவர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அந்தப் பக்கத்தைப் புரட்டி அவள் எழுதியிருந்த வரியைப் பார்த்தார். பிறகு அதற்கு முந்திய பக்கங்களைப் புரட்டினார். ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு. ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து. பிறகு அதற்கும் முந்திய வருடப் பதிவேட்டை அவரே எழுந்து போய் அலமாரியிலிருந்து எடுத்தார். அதிலும் அப்படியே. வேறு யாருடைய கையெழுத்தும் எங்கும் இல்லை.

"நீங்கள் பொய் எழுதினது பெரிய பிழை," என்றார். குரல் உயரவில்லை. "இனி நான் இந்தப் புத்தகத்தில எதை நம்புறது? மூண்டு மாதப் பிலிமையும் குப்பையில போடவேணும்."

"தெரியும் டாக்டர்."

"ஆனால் ஒரு நாள் மாத்தாட்டில் கிருமி வாடும், கொஞ்சம் சாகும். மிச்சம் தேறி வரும். மூண்டு மாதமா ஒண்டும் உள்ளுக்குப் போகாமல் நிக்கிறதுக்கு அது காரணமில்லை. இவ்வளவு காலம் இதை மனசுக்குள்ள வைச்சுக்கொண்டா இருந்தனீங்கள்?"

பவுனம்மாளுக்கு அழுகை வரவில்லை. உட்கார வேண்டும் போல் இருந்தது. அவர் அறையில் அவள் அதுவரை உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தாள்.

"வேற ஏதாவது மறைச்சிருக்கிறீங்களா? சின்ன விசயம் எண்டாலும் சொல்லுங்கோ."

அவள் யோசித்தாள். "சிலைடு சரியா தேய்க்க வரல டாக்டர், கொஞ்ச நாளா. அணு எல்லாம் இழுத்துக்கிட்டு நீளமா நிக்குது. கை நடுங்குது போலன்னு நெனச்சேன். உங்களுக்குக் காட்டும்போது ஓரமா நல்லா இருக்கற எடமா பாத்து வச்சுக் காட்டுவேன்."

டாக்டர் அவளையே பார்த்தார்.

"எப்பத்திலயிருந்து நீளமா நிக்குது?"

"அந்த வாரத்துலேர்ந்துதான்."

"எல்லாம் ஒரே பக்கமா இழுபட்டு நிக்குதா, கண்டபடி நிக்குதா?"

இதை அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை. தேய்க்கும்போது கை பிசகினால் அணுக்கள் தேய்த்த திசையிலேயே நீளும். எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தாள்.

"கண்டபடி," என்றாள். "ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி."

இரண்டு பேரும் எழுந்து நுண்ணோக்கிக்குப் போனார்கள். இஸ்மாயிலைக் கூப்பிட்டு விரலில் ஒரு சொட்டு எடுத்தாள் பவுனம்மாள். கிருமி எதுவும் கலக்காத இரத்தம். கை நடுங்கவே இல்லை. தேய்த்து, காயவைத்து, சாயம் போட்டு, வைத்தாள். வட்ட அணுக்களுக்கு நடுவே முட்டை வடிவத்தில் நிறைய அணுக்கள். சிலவற்றின் நடுவில் குறுக்கே ஒரு பட்டை, பொத்தானில் நூல் போட்ட மாதிரி. அடுத்துத் தன் விரலிலேயே குத்தி ஒரு துண்டு தேய்த்தாள். அதில் எல்லாம் வட்டம்.

டாக்டர் நுண்ணோக்கியை விட்டு வெகு நேரம் நகரவில்லை. பிறகு மெதுவாக, "அடக் கடவுளே, டிரைவரின்ர ரத்தம்," என்றார்.

அவர் நேரே நூலகத்துக்குப் போனார். அது இரண்டு மாடி மேலே. ஒரு மணி நேரத்தில் தடித்த சஞ்சிகைக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். சில ஊர் மக்களுக்குப் பிறவியிலேயே இப்படி முட்டை வடிவச் சிவப்பணு உண்டு, மலாய்க்காரரிடமும் உண்டு, நியூகினித் தீவிலும் உண்டு. அந்த அணுவின் தோல் விறைப்பானது. மலேரியாக் கிருமி அதற்குள் புகச் சிரமப்படும். எல்லாம் அதில் அச்சாகியிருந்தது. ஐந்து வருடத்துக்கு முந்திய இதழ்.

"நான் இதை அப்பவே வாசிச்சனான்," என்றார் டாக்டர். "வாசிச்சுப் போட்டு மறந்துபோனன்."

கிருமிகளில் குறை இல்லை. அவை கூர்முனையைப் பொருத்தின, பைகளைத் திறந்தன, புரதத்தைக் கக்கின. தோல் மடங்கிக் கொடுக்கவில்லை. வளையம் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே செத்தன. மூன்று மாதமாக அவர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று இவர்கள் இருவருக்கும் தாமதமாகத் தெரியவந்தது.

இஸ்மாயில் மட்டும் கவலைப்பட்டான். தன் இரத்தத்தைச் சுற்றி இத்தனை பேச்சு நடப்பதைப் பார்த்துவிட்டு, பவுனம்மாளிடம் வந்து மலாயில் கேட்டான், "அக்கா, என் ரத்தம் கெட்டுப்போச்சா?"

"கெடல," என்றாள் அவளும் மலாயில். "ரொம்ப நல்ல ரத்தம். அதான் எங்களுக்கு ஆகல."

அவன் அதை அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பக்கிரிசாமியை மாற்றச் சொல்லி எழுதிய கடிதத்தை டாக்டர் கிழித்துப்போட்டார். தொட்டிக்குப் போய் அவரிடம் மன்னிப்பும் கேட்டார். பக்கிரிசாமி கையை உதறிவிட்டு, "பரவால்ல டாக்டர், தண்ணி வரல, கொஞ்சம் பாருங்க," என்றார். பதிவேட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை வரியைச் சிவப்பு மையால் அடித்து, மாற்றப்படவில்லை என்று டாக்டர் எழுதி, தானே கையெழுத்துப் போட்டார். மேலிடத்துக்கு எழுதவில்லை. மூன்று மாதப் பிலிம்களைச் சொன்ன மாதிரியே தூக்கிப்போட்டார்.

அதற்கடுத்த சனிக்கிழமை, வேலை முடிந்து கிளம்பும்போது, அவர் பவுனம்மாளிடம் வந்தார்.

"நாளைக்கு நான் வாறன். பிரிக்பீல்ட்ஸிலயிருந்து எனக்குப் பத்து நிமிசம். இனி ஒரு ஞாயிறு நீங்கள், ஒரு ஞாயிறு நான்."

"உங்களுக்குத் தெரியுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஏழு வருசமா நீங்கள் செய்யிறதைப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்," என்றார். பிறகு, "இதை முந்தியே சொல்லியிருக்க வேணும்," என்றார்.

மறுநாள் ஞாயிறு. பவுனம்மாள் வழக்கம்போல் ஐந்து மணிக்கு விழித்துக்கொண்டாள். தம்புசாமியைக் கழுவி, கஞ்சி ஊட்டி, நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு செய்வதற்கு எதுவும் தோன்றாமல் நின்றாள்.

"போவல?" என்று கேட்டான் தம்புசாமி. பக்கவாதத்துக்குப் பிறகு அவன் பேச்சு குழறும்.

"இன்னைக்கு டாக்டர் போறாரு."

"உக்காரு."

அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் பக்கத்து வீட்டுச் சேவல் தினமும் வந்து வாசலில் நிற்பதைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான். குழறிக் குழறிச் சொன்னான். அவன் நாற்காலிக் காலில் தலையைச் சாய்த்து அவள் தூங்கிவிட்டிருந்தாள். ஷிப்டு முடிந்து வந்த புஷ்பவல்லி கதவைத் திறந்தபோது, தம்புசாமி வாயில் விரல் வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினானாம்.

டாக்டர் தன் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே வளர்ப்பைக் கெடுத்துவிட்டார். திங்கட்கிழமை பவுனம்மாள் ஜாடியைத் திறந்தால் திரவம் மோர் மாதிரி கலங்கியிருந்தது. பாக்டீரியா. மெழுகுவத்தியை ஏற்றுவதற்கு முன் அவர் மூடிகளைத் திறந்து வைத்துக்கொண்டு யாரிடமோ டெலிபோன் பேசியிருக்கிறார். அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, உறையவைத்ததை எடுத்து மறுபடி தொடங்கினாள். இஸ்மாயிலுக்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் கடன் வாங்கிய இரத்தம் தீர்ந்திருந்தது, இந்த முறை தன் இரத்தத்தையே போட்டாள். அவளும் ஓ பிரிவுதான். இரத்தம் குறைவு என்று அதுவரை அவளிடம் எடுக்காமல் இருந்தார்கள். இரண்டாம் நாள் சாயம் போட்டுப் பார்த்தபோது வட்ட அணுக்களுக்குள் கிருமிகள் மெல்லிய நீல மோதிரங்களாக உட்கார்ந்திருந்தன. அவற்றை எண்ணி எழுதினாள். டாக்டரும் கற்றுக்கொண்டார், நாலைந்து மாதம் பிடித்தது.

தம்புசாமி 1988இல் போய்ச் சேர்ந்தான். டாக்டர் 1990இல் ஓய்வு பெற்று, பிள்ளைகள் இருக்கிற ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அதற்குள் கோடு தெளிவாக விழுந்த பிலிம்களை வைத்து ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருந்தார். அவர் பெயருக்கு அடுத்ததாக பவுனம்மாள் பெயர் இருந்தது. அவளுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அதற்குச் சான்றிதழ் வேண்டும், அவளிடம் இருந்தது ஆறாம் வகுப்பு. வளர்ப்பை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. மேலிடம் டெங்கிக் காய்ச்சலைப் பார்க்கச் சொன்னது. மலேரியாக் கிருமி எல்லாவற்றையும் பவுனம்மாளே குளோராக்ஸ் வெளுப்பு நீரை ஊற்றிக் கொன்று, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, டெங்கிப் பிரிவுக்குப் போனாள்.

1994இல் டாக்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தமிழில்தான் எழுதியிருந்தார், கை நடுக்கத்தோடு. நாம் பிலிமில் பார்த்த கோடு இருக்கிறதே, கிருமியின் முனையில் உள்ள பைகளிலிருந்து வந்து சிவப்பணுவைப் பற்றிக்கொள்கிற புரதம் அதுதான் போலிருக்கிறது, வேறு நாட்டு ஆட்கள் இப்போது விளக்கமாகக் காட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். ஆனால் ஒன்றை அடைத்தால் கிருமி இன்னொரு புரதத்தைக் கொண்டு புகுந்துவிடுகிறதாம், தடுப்பது சுலபமாக இருக்காது போல என்றும் எழுதியிருந்தார். அடியில் அந்தப் பழைய படத்தையே, பெரிய வட்டமும் பக்கத்தில் பேரிக்காயுமாக, வரைந்திருந்தார்.

பவுனம்மாள் அப்போதும் கிள்ளானில்தான் இருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். புஷ்பவல்லி பதில் எழுதப் பேனாவை எடுத்துக்கொண்டு, "என்னம்மா எழுதறது?" என்று கேட்டாள்.

"சந்தோஷம்னு எழுது. நல்லா இருக்கேன்னு எழுது."

"கால் வீங்கியிருக்குன்னு எழுதட்டா?"

"அதெல்லாம் வேணாம்லா. அவருக்கு வயசாச்சு, எதுக்கு. சோறு வெந்திருக்கும், போய்ப் பாரு."